கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்

இவ்வுலகின் மேற்பரப்பில் 100-க்கு 71 பங்கு நீரே என்றும், அதில் மிகப் பெரும்பகுதி கடல் என்றும் நாம் பாடநூலிலே படிக்கின்றோம். ஆயினும், செம்பனை மரங்களுக்கிடையே பிறந்து வளரும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது, பள்ளிச் சுற்றுலாவின்போது போர்ட்டிக்சன் கரையிலே காலை நனைத்துவிட்டுத் திரும்பும் ஒருநாள் இன்பமாகவே இருந்து வருகின்றது. அலைகளுக்கு அடியிலே வாழும் உயிர்களைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு அவர்களுக்கு அரிது. அக்குறையைப் போக்கும் பொருட்டு, நம் பள்ளியின் அறிவியல் கழகத்தாராகிய நாங்கள் ஓர் உப்புநீர் மீன் தொட்டியை அமைத்துப் பேணி வருகின்றோம். அத்தொட்டிக்கு இவ்வாண்டு நேர்ந்த இடரையும், அவ்விடர் தீர்ந்த வகையையும் பெற்றோர்களும் மாணவச் செல்வங்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் அவாவினால் இக்கட்டுரையை வரைகின்றோம்.

கடல் உயிர்களைக் கண்ணாடிக்குள் வளர்க்கும் கலை புதியதன்று. 1853-ஆம் ஆண்டிலே இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில் 1955-ஆம் ஆண்டில் வான் கிளீஃப் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அது இல்லை. நம் தலைநகரிலோ, 2005-ஆம் ஆண்டு முதல் இரட்டைக் கோபுரங்களின் அருகே ஒரு பெரிய மீன் காட்சியகம் இயங்கி வருகின்றது. அவற்றோடு ஒப்பிட்டால் நம் தொட்டி மிகமிகச் சிறியது. அதன் நீளம் 3 அடி. அகலம் 1½ அடி. உயரம் 1½ அடி. இம்மூன்றையும் பெருக்கினால் 6¾ கன அடி வரும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் எனக் கொண்டால், ஏறக்குறைய 190 லிட்டர் நீர் அதில் அடங்கும். கடல்நீர் ஒரு லிட்டரில் 35 கிராம் அளவுக்கு உப்புகள் உள்ளமையால், நம் தொட்டியில் கரைந்திருக்கும் உப்பு மட்டுமே ஆறரைக் கிலோவுக்கு மேல் ஆகும். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இக்கணக்கைத் தாங்களே போட்டுப் பார்த்து மகிழ்ந்தனர்.

பட்டணத்திலே பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர் தொட்டியை அன்பளிப்பாக வழங்கினார். உப்பு வாங்கும் செலவைப் பெற்றோர்கள் தம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறுசிறு தொகையாகத் தந்து உதவி வருகின்றனர். தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும், காளான் வடிவிலான மென்பவளங்கள் சிலவும் வாழ்கின்றன. மீன்கள் பண்ணையில் பிறந்தவை. பவளங்கள் தொட்டியிலேயே வளர்த்துப் பிரிக்கப்பட்டவை. கடலிலிருந்து பவளத்தைப் பெயர்த்து எடுத்து வருவதை நாங்கள் ஒருபோதும் ஏற்பதில்லை. தியோமான், ரெடாங் முதலிய தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதிகள் 1994-ஆம் ஆண்டில் கடற்பூங்காக்களாக அறிவிக்கப்பட்டுள்ளன என்பதையும், அங்கே பவளத்தைத் தொடுவதும் உடைப்பதும் தவறு என்பதையும் மாணவர்கள் நன்கு அறிவர்.

இனி, தொட்டிநீர் கெடும் விதத்தைச் சற்றுக் காண்போம். மீனுக்கு நாம் இடும் உணவிலே பாஸ்பரசு என்னும் சத்து உண்டு. மீன் உண்டு கழித்ததும், உண்ணாமல் எஞ்சியதும் நீரிலே சிதைந்து பாஸ்பேட்டாக மாறுகின்றன. பரந்த கடலிலே அது கலந்து மறைந்துவிடும். கண்ணாடிச் சுவர்களுக்குள்ளோ போக்கிடம் இல்லை. நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். பாஸ்பேட் மிகுந்தால் பாசி செழிக்கும், கற்பவளங்கள் சுண்ணாம்புக் கூடு கட்டும் வேலை தடைப்படும், மென்பவளங்களும் வாடக்கூடும். மீன்கள் உடனே மடிந்துவிடா. ஆகவே, பார்வைக்கு எல்லாம் நலமாக இருப்பது போலவே தோன்றும். கேடு மெல்ல மெல்லத்தான் வெளிப்படும்.

இக்கேட்டைத் தடுக்கவே, தொட்டியின் பக்கத்தில் நெகிழியாலான ஓர் உருளை பொருத்தப்பட்டுள்ளது. கடைக்காரர்கள் அதனை 'ரியாக்டர்' என்பர். நாங்கள் 'வடி உருளை' என்று பெயரிட்டுள்ளோம். ஒரு சிறு பம்பு தொட்டிநீரை அவ்வுருளையின் அடிப்பகுதிக்குச் செலுத்தும். நீர் மேல்நோக்கி எழும்போது, உள்ளே உள்ள செம்பழுப்பு நிறத் துகள்களின் ஊடே புகுந்து சென்று, மேல்வாய் வழியாக மீண்டும் தொட்டியை அடையும். துகள்கள் நீரின் வேகத்தால் இலேசாக அசைந்தாடிக்கொண்டிருக்க வேண்டும். அடுப்பில் மெல்லக் கொதிக்கும் கஞ்சியின் மேற்பரப்பைப் போல என்று சொன்னால் தாய்மார்களுக்கு எளிதில் விளங்கும். மேலும் கீழும் பஞ்சு வைத்து, துகள்கள் வெளியேறாதபடி காக்கப்பட்டுள்ளன.

அத்துகள்கள் யாவை? அவை இரும்பும் உயிர்வளியும் சேர்ந்து உண்டானவை. துருவுக்கு நெருங்கிய உறவினர் என்று கூறலாம். பாஸ்பேட்டைத் தம் மேற்பரப்பிலே இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மை அவற்றுக்கு உண்டு. இதே வகைத் துகள்களைக் கொண்டு, கிணற்று நீரிலுள்ள ஆர்சனிக் என்னும் நஞ்சையும் அகற்றுகின்றனர்.

இவ்விடத்தில் நம் தோட்டத்துப் பெரியோர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகின்றோம். நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் செம்மண்ணுக்குச் செந்நிறம் தந்ததும் இவ்விரும்புச் சேர்மங்களே. செம்மண்ணில் இடும் பாஸ்பேட் உரத்தில் ஒரு பகுதியை அவ்விரும்பு பிடித்து வைத்துக்கொள்வதால், மரத்தின் வேருக்கு அது முழுமையாகக் கிட்டுவதில்லை. கிறிஸ்மஸ் தீவிலிருந்து கப்பலேறி வந்த பாஸ்பேட் பாறைத் தூளை நம் நாட்டுத் தோட்டங்கள் நெடுங்காலமாக மண்ணில் இட்டு வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும். மூட்டையைச் சுமந்து மரத்துக்கு மரம் உரம் வீசும் நம் தாய்மார்களுக்கு, அவ்விரும்பு ஓர் இடையூறு. கண்ணாடித் தொட்டியில் வாழும் பவளத்துக்கோ அதுவே காவல். ஒரே பொருள், இருக்கும் இடத்துக்கேற்ப இடரும் செய்கின்றது, நன்மையும் செய்கின்றது.

இனி இடர் நேர்ந்த கதைக்கு வருவோம். ஆண்டிறுதி விடுமுறைக்குச் சில வாரங்களே இருந்தபோது, கண்ணாடியிலே பச்சைப் படலம் ஒன்று படரக் கண்டோம். துடைத்தாலும் இரண்டே நாளில் மீண்டும் படர்ந்தது. குடைபோல் விரிந்திருந்த பவளங்கள் சுருங்கத் தொடங்கின. நீரைச் சோதித்தபோது, பாஸ்பேட்டின் அளவு லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் எனக் காட்டியது. பவளம் வளர்ப்போர் பெரும்பாலும் 0.1-க்கு மேற்படாமல் காப்பது வழக்கம். ஆனால், பம்பின் இரைச்சல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. உருளையில் நீரும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவ்வாரம் கூடிய பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இச்செய்தி பேசப்பட்டது. "பிள்ளைகள் கண்முன்னே உயிர்கள் வாடுவதைவிட, மீன்களைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, உப்பு வாங்கும் பணத்தில் நூல்கள் வாங்கலாமே" என்று ஒரு பெரியவர் கூறினார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. உழைத்து ஈட்டிய பணம் வீணாகக் கூடாது என்பதே அவர் கவலை. தலைமையாசிரியர் ஆழ்ந்து சிந்தித்து, இரண்டு வாரம் தவணை தந்தார். அதற்குள் பழுது தெரியாவிடில் தொட்டியைக் கலைத்துவிடுவது என்று முடிவாயிற்று. கூட்டம் முடிந்து வெளியே வந்த மாணவர்கள் ஒரு சொல்லும் பேசாமல் தொட்டியைச் சுற்றி நின்ற காட்சி எங்கள் உள்ளத்தை உருக்கியது.

அப்பொழுது, செம்பனை ஆலையிலே பிட்டராகப் பணிபுரியும் தந்தை ஒருவர் எங்களிடம் வந்தார். அவர் மகன் ஐந்தாம் ஆண்டில் பயில்கின்றான். "ஐயா, மீனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பம்பைப் பற்றி இருபது வருசமாகத் தெரியும். நாளைக்கு வேலை முடிந்து வந்து பார்க்கட்டுமா?" என்று பணிவோடு கேட்டார். மறுநாள் மாலை சொன்னபடியே வந்தார். பம்பைக் கழற்றப் போகிறார் என்று மாணவர்கள் எதிர்பார்த்தனர். அவரோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்று பார்த்தார்.

"தம்பிகளா, மெசின் பழுதானால் முதலில் கையை வைக்கக் கூடாது. கண்ணை வைக்க வேண்டும்; காதை வைக்க வேண்டும். கை கடைசியில்தான்" என்றார் அவர். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியின் பொருளை அன்று மாணவர்கள் நேரிலே கற்றனர்.

முதலாவதாக, பழுது எங்கே உள்ளது என்று உறுதிப்படுத்த வேண்டும். உருளைக்குள் புகும் நீரையும், உருளையிலிருந்து வெளிவரும் நீரையும் தனித்தனியே சோதித்தோம். இரண்டும் 0.25 என்றே காட்டின. துகள்கள் வேலை செய்தால் வெளிவரும் நீரில் பாஸ்பேட் குறைந்திருக்க வேண்டும். ஆகவே, பழுது உருளையிலேதான் என்பது தெளிவாயிற்று. மீனையோ உணவையோ குறை கூற வேண்டியதில்லை.

இரண்டாவதாக, நீரோட்டத்தை அளந்தோம். இதற்கு விலையுயர்ந்த கருவி ஏதும் தேவைப்படவில்லை. ஒரு லிட்டர் அளவுக் குவளையை உருளையின் வாயிலே பிடித்து, அது நிரம்ப எத்தனை வினாடி ஆகின்றது என்று எண்ணினோம். உருளையை அமைத்த நாளில் 20 வினாடி என்று குறிப்பேட்டிலே எழுதியிருந்தோம். 3600-ஐ 20-ஆல் வகுத்தால் மணிக்கு 180 லிட்டர். இப்போதோ 60 வினாடி ஆயிற்று. அஃதாவது மணிக்கு 60 லிட்டர். ஓட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! பம்பின் இரைச்சல் மட்டும் கேட்டால் போதாது, அது தள்ளும் நீரையும் அளக்க வேண்டும் என்பதைக் குறிப்பேட்டின் அந்த ஒரு வரி எங்களுக்கு உணர்த்தியது.

மூன்றாவதாக, ஓட்டம் குறைந்ததன் காரணத்தைத் தேடினோம். அதற்கு முன்னர், மின்தொடர்பு துண்டிக்கப்பட்டது. உப்புநீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தும். ஆதலின், செருகியைப் பிடுங்காமல் தொட்டிக்குள் கைவிடுதல் உயிருக்கே ஆபத்து. இவ்வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். குழாய் எங்கேனும் மடங்கியுள்ளதா என்று பார்த்தோம், இல்லை. திருகு வால்வு அடைபட்டுள்ளதா என்று பார்த்தோம், அதுவும் இல்லை. பஞ்சுகளைக் கழுவினோம், சிறிது அழுக்கே இருந்தது. இறுதியாகப் பம்பின் மூடியைத் திறந்தபோது, உள்ளே சுழலும் சிறு சக்கரத்தின் மீது வெண்ணிறச் சுண்ணாம்புப் படிவு கல்போல் அப்பியிருந்தது. கடல்நீரில் கால்சியம் மிகுதியாக இருப்பதால், நாளடைவில் எந்தப் பம்பிலும் இவ்வாறு படிவது இயல்பு. சக்கரம் சுழன்றது, ஆனால், தடுமாறிச் சுழன்றது.

"ஆலையிலே கொதிகலன் குழாயிலும் இப்படித்தான் படியும்" என்றார் அவர். வினிகர் எனப்படும் சமையல் காடியையும் நீரையும் சம அளவு கலந்து, அதில் சக்கரத்தை ஒரு மணி நேரம் ஊற வைத்தோம். குமிழிகள் பொங்கி எழுந்தன. காடியிலுள்ள அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துக் கரிவளியாக வெளியேற்றுகின்றது என்பதை மாணவர்கள் கண்கூடாகக் கண்டனர். பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல நீரில் பன்முறை அலசிய பின் சக்கரம் புதியது போலாயிற்று. புதிய பம்பு வாங்கப் பல பத்து வெள்ளிகள் தேவைப்பட்டிருக்கும். காடிக்குச் சில வெள்ளிகளே செலவாயின.

நான்காவதாக, உருளையைத் திறந்தோம். அங்கேதான் கேட்டின் முழு உருவத்தையும் கண்டோம். ஓட்டம் குறைந்ததால் துகள்கள் அசையாமல் கிடந்து, ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்போல் இறுகிவிட்டிருந்தன. அக்கட்டியின் ஓரத்திலே விரல் நுழையும் அளவுக்கு ஒரு வழி உண்டாகியிருந்தது. நீர் எப்பொழுதும் எளிய வழியைத்தான் நாடும். ஆகவே, துகள்களைத் தொடாமலே அவ்வழியாகப் புகுந்து வெளியேறியிருக்கின்றது. உள்ளே சென்ற நீரும் வெளியே வந்த நீரும் ஒரே அளவு காட்டியதன் காரணம் இப்போது விளங்கிற்று. பம்பிலே தொடங்கிய சிறு தடை துகளைக் கெடுத்தது. துகள் கெட்டதால் நீர் கெட்டது. நீர் கெட்டதால் பவளம் வாடியது.

இறுகிய கட்டியை அகற்றிவிட்டுப் புதிய துகள்களை இட்டோம். இடுவதற்கு முன், நீர் தெளியும் வரை அவற்றை அலசினோம். அலசாமல் இட்டால் செந்தூள் தொட்டி முழுவதும் பரவிக் கலங்கும். வழக்கமான அளவில் பாதி மட்டுமே இட்டோம். பாஸ்பேட்டை ஒரே நாளில் வெகுவாகக் குறைத்தால் பவளங்கள் அதிர்ச்சியடைந்து நலிவுறும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சன்றோ? வால்வை மெல்லத் திருகி, துகள்களின் மேற்பரப்பு மட்டும் இலேசாக அசையும்படி ஓட்டத்தைச் சரிசெய்தோம். மிகுந்த வேகமும் தீதே. துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து மாவாகிவிடும்.

உருளையின் மூடியை மூடும்போது அதன் ரப்பர் வளையத்தைத் துடைத்து, ஒரு மணல் துணுக்கும் உப்புப் பொருக்கும் இல்லாதபடி பார்த்துக்கொண்டோம். ஒரு சிறு துணுக்கு இருந்தாலும் நீர் கசியும். வளையத்துக்குச் சிலிக்கோன் பசையைத்தான் பூச வேண்டும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி இளகிவிடும் என்பதைப் பால்மரத் தோட்டத்திலே வாழ்ந்த பெரியோர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பின்னர், உருளையைச் சற்றே சாய்த்துத் தட்டி, உள்ளே சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினோம். மின்கம்பியைச் செருகிக்குக் கீழே வளைந்து தொங்கும்படி விட்டோம். கம்பி வழியே வழியும் நீர்த்துளி அவ்வளைவிலேயே சொட்டிவிடும், செருகியை எட்டாது. இவையெல்லாம் முடிந்த பின்னரே மின்தொடர்பு கொடுக்கப்பட்டது. குவளை 20 வினாடியில் நிரம்பியது. எண்ணிக்கொண்டிருந்த மாணவி மகிழ்ச்சியால் கைகொட்டி ஆர்ப்பரித்தாள்.

மறுநாள் உருளையிலிருந்து வெளிவந்த நீரில் பாஸ்பேட் தெளிவாகக் குறைந்திருந்தது. தொட்டிநீரின் அளவு ஒரே நாளில் இறங்கவில்லை, இறங்கவும் கூடாது. பாறையிலும் மணலிலும் படிந்திருந்த பாஸ்பேட் மெல்ல மெல்ல நீருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தவணையாகத் தந்த இரண்டு வாரம் முடிந்தபோது 0.15 என்ற அளவுக்கு வந்தது. விடுமுறைக்கு முன் 0.1 ஆயிற்று. பச்சைப் படலம் குறைந்தது. ஒரு பவளம் மட்டும் பிழைக்கவில்லை. ஏனையவை மெல்ல விரியத் தொடங்கின. நூல்கள் வாங்கலாம் என்று கூறிய பெரியவரே விடுமுறை நாள்களில் மீனுக்கு உணவிடும் பொறுப்பை விரும்பி ஏற்றுக்கொண்டார் என்பதை நன்றியுடன் இங்குக் குறிப்பிடுகின்றோம்.

வடி உருளையில் இரும்புத் துகளுக்கு மாற்றாகவோ, துணையாகவோ செயலூட்டிய கரியையும் பயன்படுத்துவர். நீரின் மஞ்சள் நிறத்தையும் நாற்றத்தையும் அது ஈர்த்துக்கொள்ளும். தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, மிகுந்த வெப்பத்தில் நீராவி செலுத்தி அதனைச் செய்கின்றனர். அக்கரியின் ஒரு கிராமிலே உள்ள நுண்துளைகளின் பரப்பு ஏறக்குறைய 1000 சதுர மீட்டர். ஏழெட்டுக் கிராம் கரிக்குள் ஒரு காற்பந்துத் திடலே அடங்கியிருக்கின்றது! நம் வீட்டுச் சமையலறையில் வீசி எறியும் சிரட்டைக்கு இத்துணை ஆற்றல் உண்டென்பது வியப்பன்றோ? ஆனால், கரியும் இரும்பும் என்றென்றும் உழைப்பவை அல்ல. அவற்றின் பரப்பு நிரம்பியதும் வேலை நின்றுவிடும். உட்செல்லும் நீரையும் வெளிவரும் நீரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே மாற்ற வேண்டிய நாளை அறியும் நேரிய வழி.

அன்பு மாணவச் செல்வங்களே! இந்நிகழ்ச்சியிலே நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியவை பல உள. பழுது நேர்ந்தால் அஞ்சாதீர்கள், வரிசையாகத் தேடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதியுங்கள். பார்த்ததையும் அளந்ததையும் தேதியிட்டு எழுதி வையுங்கள். உங்கள் தந்தையர் ஆலையிலும், தாய்மார் தோட்டத்திலும் கற்ற அறிவு எந்த நூலறிவுக்கும் தாழ்ந்ததன்று. வீடு சென்றதும் அவர்கள் அன்று செய்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். நம் தொட்டிக்கு உயிர் தந்த விடை அத்தகைய ஒருவரிடமிருந்தே கிடைத்தது.

வாரந்தோறும் வெள்ளிக்கிழமை குவளையில் நீரை அளந்து குறிப்பேட்டில் எழுதும் பணியை, இனி ஐந்தாம் ஆண்டுக்குச் செல்லும் மாணவர்கள் ஏற்கின்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்பைக் காடியில் கழுவும் நாளும் குறிக்கப்பட்டுள்ளது. தொட்டியைக் காண விரும்பும் பெற்றோர்கள் பள்ளி முடிந்த பின் எந்நாளும் வரலாம்.  அறிவியல் வளர்க! நம் பள்ளி ஓங்குக!